வீடு விழிக்கும் முன் ஒரு சுற்று: வேலூரில் குடும்பஸ்தர் சைக்கிள் பந்தயத்துக்குத் தயாராவது எப்படி?

முப்பத்தைந்து, நாற்பது வயதில் கியர் சைக்கிள் வாங்குகிறவர்கள் வேலூரில் பெருகிவிட்டார்கள். காலை ஐந்தரை மணிக்கு கிரீன் சர்க்கிள் பக்கம் ஒரு நிமிடம் நின்றால் தெரியும்: தலையில் ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு, முகத்தில் புது மாப்பிள்ளைக் களை. சில மாதம் கழித்து அதே சைக்கிள்களில் பல, மாடிப்படிக்கு அடியில் ஈரத்துண்டு காயப் போடும் கொடியாகிவிடுகின்றன. கால் வலித்து நிறுத்தியவர்கள் குறைவு. வீட்டில் பேச்சு முற்றி நிறுத்தியவர்களே அதிகம்.

இந்தக் கட்டுரை அப்படி நிறுத்திவிடக் கூடாது என்று நினைப்பவர்களுக்கானது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், வேலைக்குப் போகும் துணை, மருந்து நேரம் தவறக் கூடாத பெரியவர்கள் என எல்லாம் உள்ள வீட்டிலிருந்துகொண்டு, ஆண்டுக்கு இரண்டு மூன்று போட்டிகளில் கௌரவமாகக் கலந்துகொள்ள என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் போதும். அந்த ஐந்து மணி நேரத்தை வீட்டுக்குத் தெரியாமல் சுரண்டி எடுக்காமல், கேட்டு வாங்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதல் படி: காலண்டரோடு உட்காருங்கள்

சைக்கிள் கடைக்குப் போவதற்கு முன் தினசரிக் காலண்டரையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரத்தில் உட்காருங்கள். முதலில் உங்களுக்குச் சம்பந்தமில்லாததை எல்லாம் குறியுங்கள். மார்ச், ஏப்ரல் மாதத் தேர்வுகள், குலதெய்வக் கோயில் பயணம், கல்யாண மாதங்கள், சித்ரா பௌர்ணமி இரவு பூப்பல்லக்கு பார்க்க வரும் உறவினர்கள், குடியாத்தத்தில் சொந்தம் இருந்தால் வைகாசி முதல் நாள் சிரசுத் திருவிழா. தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாளையும் குறியுங்கள். குடம் தூக்க வேண்டிய காலையில் நீங்கள் திருவலம் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தால், அந்தப் படத்தை வீட்டில் யாரும் ரசிக்க மாட்டார்கள்.

வேலூர் மருத்துவமனை ஊர். கணவன் மனைவியரில் ஒருவராவது ஷிஃப்ட் வேலை பார்க்கும் வீடுகள் இங்கே ஏராளம். என் மனைவி செவிலியர். அவருடைய மாத டூட்டிப் பட்டியல் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டிருக்கும். என் பயிற்சித் திட்டம் அந்தக் காகிதத்திலிருந்துதான் தொடங்குகிறது. அவருக்கு இரவு டூட்டி இருக்கும் வாரத்தில் காலையில் பிள்ளைகளைக் கிளப்ப நான் மட்டும்தான். ஆகவே அந்த வாரம் எனக்குப் பயிற்சி குறைந்த வாரம்.

இதில் நமக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. உடற்பயிற்சி விதிப்படியே மூன்று வாரம் படிப்படியாகச் சுமையை ஏற்றி, நான்காவது வாரம் பாதியாகக் குறைக்க வேண்டும். உடல் வலுப்பெறுவது மிதிக்கும்போது அல்ல, அதற்குப் பின் வரும் ஓய்வில். அந்த ஓய்வு வாரத்தை நைட் டூட்டி வாரத்திலோ தேர்வு வாரத்திலோ கொண்டுபோய்ப் பொருத்தினால் வீட்டுக்கும் நிம்மதி, காலுக்கும் நிம்மதி. அச்சடித்த பயிற்சித் திட்டங்களில் ஓய்வு வாரம் எப்போதும் நான்காவதாகவே வரும். உங்கள் வீட்டில் அது மூன்றாவதாகவோ ஐந்தாவதாகவோ வந்தால் குடிமுழுகிப் போகாது.

காலண்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடங்கள்தான் உங்கள் களம். அதே அளவு நேரம் உங்கள் துணைக்கும் அவர் விருப்பம்போலச் செலவிட ஒதுக்கப்பட வேண்டும், அதுவும் பெயர் போட்டு, கிழமை போட்டு. இதைச் செய்யாதவர்களின் சைக்கிள்தான் மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது.

இரண்டாம் படி: எந்தப் போட்டி என்று முடிவு செய்யுங்கள்

‘ரேஸ்’ என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் நாலு வகை உண்டு, நாலும் வேறு வேறு நேரத்தைக் கேட்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது பி.ஆர்.எம். எனப்படும் நெடுந்தூரப் பயணம். கண்டிப்பாகச் சொன்னால் இது பந்தயமே அல்ல. யார் முதலில் வந்தார் என்று யாரும் கேட்பதில்லை, குறித்த நேரத்துக்குள் முடித்தாயா என்பதே கேள்வி. 200 கிலோமீட்டருக்குப் 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. வழியில் சாப்பிடுவது, பஞ்சர் ஒட்டுவது, டீ குடிப்பது எல்லாம் இந்த நேரத்துக்குள் அடக்கம். பாரிசைச் சேர்ந்த ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகளின்படி இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் அமைப்பு இதை நடத்துகிறது. நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடியும் ஒரே பருவத்தில் நான்கு தூரங்களையும் முடித்தால் ‘சூப்பர் ராண்டனர்’ பட்டம். நாலாண்டுக்கு ஒரு முறை நடக்கும் 1,200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணம் இந்த உலகத்தின் கும்பமேளா. அடுத்தது 2027-இல். அதைப் பற்றி இப்போதைக்கு வீட்டில் வாய் திறக்காதீர்கள்.

200 கிலோமீட்டருக்கான சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஐந்து மணி நேரப் பயிற்சியில் நிச்சயம் எட்டக்கூடிய இலக்கு இது.

அடுத்தது தனிநபர் டைம் டிரையல். ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்புவார்கள். ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு காற்றை மறைத்து ஓட்டுவது இதில் தடை. கடிகாரம் மட்டும்தான் எதிரி. பயிற்சிக்கு நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் இதற்கு வேண்டியது நீண்ட சவாரிகள் அல்ல, குறுகிய கடும் பயிற்சிகள். மலையேற்றப் போட்டியும் ஏறக்குறைய அப்படியே, ஆனால் இடுப்பைச் சுற்றியுள்ள சதை அங்கே கூடுதல் வரி கேட்கும்.

எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்படும் சாலைப் பந்தயத்தை முதல் ஆண்டில் தள்ளிவையுங்கள். கூட்டத்துக்குள் ஓட்டுவது தனிக்கலை. முன்னால் போகிறவரின் சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டிப் போனால் சக்தி நான்கில் ஒரு பங்குக்கு மேல்கூட மிச்சமாகும். ஆனால் உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தின் பக்கவாட்டில் உரசினால் கீழே விழுவது அவரல்ல, நீங்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர் காலர் எலும்பை அடகு வைக்கக் கூடாது.

போட்டிகள் பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூருவிலோ நடக்கும், விடியற்காலையில் தொடங்கும். அதாவது முந்தைய நாள் மாலையே காட்பாடியில் ரயிலேறவோ காரில் கிளம்பவோ வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் போட்டி என்றால் சனியும் போயிற்று. இதனால்தான் ஆண்டுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம் என்கிறேன்.

மூன்றாம் படி: வண்டி

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் புதியவர்கள் இதில்தான் தேவைக்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நேரான கைப்பிடி உள்ள ஹைபிரிட் சைக்கிளிலேயே 200 கிலோமீட்டர் முடிக்கலாம். வளைந்த கைப்பிடி உள்ள ரோடு பைக் இருந்தால் நல்லது, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. நம் சாலைகளுக்கு 28 முதல் 32 மில்லிமீட்டர் அகல டயர். சீட் உயரத்துக்கு எளிய வழி: சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடல் மேல் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீண்டிருக்க வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்காலில் தேவையான மடிப்பு தானாக வந்துவிடும். என்ன விலை என்பதை வீட்டில் உண்மையாகச் சொல்லுங்கள். பில்லைப் பாதியாக்கிச் சொன்ன நண்பர் ஒருவரின் நிலை இன்றுவரை சீராகவில்லை.

பஞ்சர் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பாலாற்றங்கரையிலும் ஏரிக்கரைகளிலும் சீமைக்கருவேல முள் இல்லாத சாலையோரம் கிடையாது. முள் குத்தினால் டியூபை மாற்றுவதோடு வேலை முடியாது. டயரைக் கழற்றி உள்பக்கத்தில் ஒரு பஞ்சுத் துண்டை மெதுவாக ஒரு சுற்று ஓட்டுங்கள். முள்முனை இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். வெளியே ஒடிந்து உள்ளே மட்டும் ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முனையை வெளிப்பக்கத்திலிருந்து பிடித்து எடுக்க முடியாது, உள்ளேயிருந்து சிறு இடுக்கியால்தான் எடுக்க முடியும். எடுக்காமல் புது டியூபைப் போட்டால் இரண்டு கிலோமீட்டரில் அதுவும் போய்விடும். பந்தய சைக்கிள்களின் டியூப் வால்வு ஒல்லியானது. சாலையோரப் பஞ்சர் கடைக் குழாய் அதில் பொருந்தாது. கடைக்காரர் நல்லவராக இருந்தும் காற்றடிக்க முடியாமல் கையை விரிப்பார். அந்த வால்வின் மேல் திருகும் சிறிய பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே மாட்டி வைத்துவிடுங்கள். இரண்டு மாற்று டியூப், டயர் நெம்பு, கைப்பம்பு, இடுக்கி ஆகிய நான்கும் சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் எப்போதும் இருக்கட்டும்.

நான்காம் படி: ஐந்து மணி நேரத்தைப் பிரிப்பது

செவ்வாய் 50 நிமிடம், வியாழன் ஒரு மணி நேரம், ஞாயிறு மூன்று மணி நேரம். மிச்ச நாள்களில் வேலைக்கோ மார்க்கெட்டுக்கோ சைக்கிளில் போனால் அது ஊக்கத்தொகை.

செவ்வாய்க்கிழமை கடினமான நாள். பத்து நிமிடம் இலகுவாக மிதித்து உடலைச் சூடாக்குங்கள். பிறகு நான்கு நிமிடம் மூச்சு வாங்கும் வேகம், மூன்று நிமிடம் மெதுவாக. இதை நான்கு முறை செய்யுங்கள். கடைசிச் சுற்றையும் முதல் சுற்றின் வேகத்திலேயே முடிக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் முதல் சுற்றில் ஆர்வக்கோளாறு. இதற்கு நகரத்துச் சாலை உதவாது. பாகாயம் பக்கம் ஓட்டேரியிலிருந்து பாலமதி ஏறும் மலைச்சாலை இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. ஏற்றத்தில் மிதிக்கும்போது வேகம் குறைவு என்பதால் விழுந்தாலும் அடி குறைவு. இறக்கத்தில் ஓய்வு. காப்புக்காட்டை ஒட்டிய சாலை, ஆகவே நன்றாக வெளிச்சம் வந்த பிறகு ஏறுங்கள், தனியாக வேண்டாம்.

வெளியே போகவே முடியாத வீடுகளுக்கு, பின்சக்கரத்தைப் பொருத்தி நின்ற இடத்திலேயே மிதிக்கும் டிரெய்னர் உண்டு. கூடத்தில் போட்டு மிதிக்கலாம். பக்கத்திலேயே பிள்ளை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும். மூன்றாவது சுற்றின் உச்சத்தில் “அப்பா, பதினேழு எட்டு எவ்வளவு?” என்று கேட்கும். அந்த நேரத்தில் சரியான விடை சொல்ல முடிந்தால் நீங்கள் போதுமான அளவு கடுமையாக மிதிக்கவில்லை என்று அர்த்தம். மின்விசிறியை நேராக முகத்துக்கு வையுங்கள், கீழே பழைய ஜமக்காளம் விரியுங்கள். மாடி வீடாக இருந்தால் கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அந்த இரைச்சல் தளம் வழியாக இறங்கும்.

வியாழக்கிழமை நடுத்தர வேகம். மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். முடிந்தால் சரியான வேகம். பெடலை நிமிடத்துக்கு 80 முதல் 90 முறை சுழற்றப் பழகுங்கள். கனமான கியரில் மெதுவாக அழுத்துவது வீரம்போல் தெரியும், முழங்கால் அதற்கு வட்டி வசூலிக்கும்.

ஞாயிறு நீண்ட சவாரி. முதல் மாதம் 40 கிலோமீட்டர், பிறகு 60, 80. 200 கிலோமீட்டருக்குப் பதிவு செய்திருந்தால் அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் 100, 120 கிலோமீட்டர் சவாரிகள் இரண்டோ மூன்றோ வேண்டும். அவை அரைநாளை விழுங்கும். முன்கூட்டியே கேட்டு, காலண்டரில் வட்டம் போட்டு, பதிலுக்கு என்ன தருவதென்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும், குடும்பத்தில் இதய நோய் வரலாறு உள்ளவர்களும் கடும் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்த்து இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் சிகிச்சைக்கு ரயிலேறி வரும் ஊரில் இருந்துகொண்டு இதைத் தள்ளிப்போட நமக்குச் சாக்கு கிடையாது.

ஐந்தாம் படி: சாலையைத் தேர்ந்தெடுப்பது

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை விட்டுவிடுங்கள். தளம் வழவழப்பாக இருக்கும், ஆசை காட்டும். ஆனால் லாரி ஓட்டுநர் இரவு முழுவதும் தூங்காமல் வருகிற நேரமும் நீங்கள் புறப்படுகிற நேரமும் ஒன்று. சர்வீஸ் சாலையில் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனங்களுக்குக் கணக்கில்லை.

எனக்குப் பிடித்தது மேற்கே அணைக்கட்டு வழி. தொரப்பாடி, அரியூர், ஸ்ரீபுரம், ஊசூர் என்று போகும். பொற்கோயிலுக்கு வரும் கார்க் கூட்டம் தொடங்குவதற்கு முன் ஸ்ரீபுரத்தைத் தாண்டிவிட வேண்டும். அணைக்கட்டு வட்டாரத்தில்தான் இலவம்பாடி முள் கத்தரிக்காய் விளைகிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற காய். திரும்பும்போது சந்தையில் ஒரு கிலோ வாங்கி முதுகுப் பையில் போட்டுக்கொண்டு வந்தால், மூன்று மணி நேரம் ஊர் சுற்றியவர் என்ற பெயர் காய் வாங்கி வந்தவர் என்று மாறும். ஆற்காடு பக்கம் போனால் இதே வேலையை மக்கன் பேடா செய்யும்.

கிழக்கே காட்பாடியிலிருந்து திருவலம், சேர்க்காடு தாண்டிப் பொன்னையாற்றங்கரை மேல்பாடிக்கும் அங்கிருந்து வள்ளிமலைக்கும் போகலாம். பெரும்பாலும் சமதளம், டைம் டிரையல் பயிற்சிக்கு ஏற்றது. மேல்பாடியில் முதலாம் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் இருக்கிறது. தண்ணீர் குடிக்க நிற்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கிருத்திகை நாளில் வள்ளிமலைப் பக்கம் போகாதீர்கள். பௌர்ணமியன்று கண்ணமங்கலம், போளூர் சாலையைத் தொடாதீர்கள், திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகும் வாகனங்கள் இரவு பகல் ஓயாது. தை பிறந்துவிட்டால் கணியம்பாடி, அணைக்கட்டு வட்டாரக் கிராமங்களில் எருது விடும் விழா நடக்கும். தெருவை அடைத்துத் தடுப்புக் கட்டியிருந்தால் பேசாமல் திரும்பிவிடுங்கள். ஓடி வரும் காளைக்கு உங்கள் சைக்கிளின் விலை தெரியாது.

மேடும் பள்ளமுமான சாலை வேண்டுமானால் கணியம்பாடி வழியாக ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தி. முழு மலையேற்றம் வேண்டுமானால் ஏலகிரி: 14 கொண்டை ஊசி வளைவுகள், மேலே சுமார் 1,000 மீட்டர் உயரம். ஏலகிரியில் குடும்பத்தோடு போவதற்கு ஒரு வசதி உண்டு. அடிவாரத்தில் பொன்னேரியில் உங்களை இறக்கிவிட்டு அவர்கள் காரில் மேலே போய்ப் புங்கனூர் ஏரியில் படகு விடட்டும். நீங்கள் மிதித்து வந்து சேருங்கள். பிள்ளைகள் வளைவுகளை எண்ணிக்கொண்டே போவார்கள். நீங்களும் எண்ணுவீர்கள், வேறு காரணத்துக்காக.

நாய்கள் விஷயம். விடியற்காலையில் இறைச்சிக் கடைகள் உள்ள தெருமுனைகளில் கூட்டமாக நிற்கும். துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். பத்தடியில் அவற்றுக்குச் சுவாரசியம் போய்விடும்.

வெயிலும் காற்றும்

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும். சுற்றியுள்ள மொட்டைப் பாறைக் குன்றுகள் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் திருப்பித் தரும். மே மாதம் சூரியன் ஆறு மணிக்கு முன்பே எழுந்துவிடும், ஐந்தேகாலுக்கெல்லாம் புறப்படலாம், எட்டுக்குள் வீடு திரும்புங்கள். கத்திரி வெயில் நாள்களில் ஞாயிறு சவாரியை இரண்டு மணி நேரமாகச் சுருக்குங்கள். ஜனவரியில் ஆறரைக்குத்தான் விடியும். பொழுது புலரும் வரை முன்விளக்கும் பின்விளக்கும் எரியட்டும். வெயிலில் ஓட்டும்போது திடீரென்று மயிர்க்கூச்செறிந்தாலோ தலை சுற்றினாலோ குமட்டினாலோ அங்கேயே நிறுத்தி நிழலில் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றுங்கள். தெளியவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள். இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே என்ற கணக்கு அப்போது உதவாது.

ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து காற்று பாலாற்றுப் பள்ளத்தாக்கு வழியாக அடித்துக்கொண்டு வரும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், சைக்கிள் எம்மாத்திரம்? அந்தப் பருவத்தில் போகும்போது மேற்கே போங்கள், காலில் பலம் இருக்கும்போதே எதிர்க்காற்றைச் சந்தித்துவிடலாம். களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும், வீட்டுக்கும் நேரத்தோடு வந்து சேர்வீர்கள்.

சாப்பாடு

ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட பயிற்சிக்குத் தண்ணீர் போதும். அதைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. மணிக்கு ஒரு பழமும் ஓரிரண்டு கடலை மிட்டாயும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஜெல் பாக்கெட்டுகள் இல்லாமலே இங்கே எல்லாம் ஆகும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர். வியர்வை வழியும் நாளில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். வீடு திரும்பியதும் இட்லியோடு இரண்டு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல்.

ஆறாம் படி: புறப்படுவதும் திரும்புவதும்

நீங்கள் எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள் என்பதை யாரும் பார்க்கப் போவதில்லை, எல்லோரும் தூக்கத்தில் இருப்பார்கள். எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள் என்பதைத்தான் வீடு பார்க்கும். ஆகவே தூரத்தை வாக்குக் கொடுக்காதீர்கள், நேரத்தைக் கொடுங்கள். எட்டரை என்றால் எட்டரை. நண்பர்கள் இன்னொரு டீ என்று இழுத்தாலும், கிலோமீட்டர்க் கணக்கு 78-இல் நின்று 80 ஆகாமல் அரித்தாலும் திரும்புங்கள்.

முந்தைய இரவே எடுத்து வைப்பதைப் பாதி வேலை என்பேன். உடை, ஹெல்மெட், காலுறை, விளக்கு, பாட்டில் அனைத்தும் வாசல் அறையில் ஒரே நாற்காலியில் இருக்க வேண்டும். டயர் காற்றை இரவே பாருங்கள். விடியற்காலை நாலே முக்காலுக்குப் பம்பு அடிக்கும் ஓசை, தூங்கும் வீட்டில் மாவு மில் ஓடுவதுபோல் கேட்கும். அலாரம் முதல் மணியிலேயே அணைக்கப்பட வேண்டும். சட்டைப் பையில் பெயர், ரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய காகிதம்.

திரும்பி வந்த பிறகு நடப்பதுதான் முக்கியம். மூன்று மணி நேரம் வெளியே இருந்துவிட்டு வந்து, அடுத்த மூன்று மணி நேரம் சோபாவில் காலை நீட்டிக் கிடந்தால் மொத்தம் ஆறு மணி நேரம் காணாமல் போனதாகத்தான் கணக்கு. குளித்து, உங்கள் வியர்வைத் துணியை நீங்களே அலசிப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வேலை என்னவோ அதில் இறங்குங்கள். செயின் எண்ணெய்க் கையை வீட்டுத் துண்டில் துடைக்காதீர்கள். என் மாமியார் ஒரு நாள் காலை என்னை மேலும் கீழும் பார்த்து, “ஏன் மாப்பிள்ளை, இதற்குச் சம்பளம் ஏதாவது தருகிறார்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்படியானால் ஒன்பது மணிக்குள் காய்கறி வந்துவிட்டால் போதும்” என்றார். இதைவிடத் தெளிவான ஒப்பந்தம் எனக்கு அலுவலகத்தில்கூடக் கிடைத்ததில்லை.

பெண்கள் ஓட்டும்போது

மேலே சொன்ன அனைத்தும் பெண்களுக்கும் பொருந்தும். ஆனால் அவர்கள் கேட்டு வாங்க வேண்டிய நேரத்துக்கு விலை அதிகம். ஆண் ஐந்து மணிக்குக் கிளம்பினால் ‘உடம்பைப் பார்த்துக்கொள்கிறான்’ என்பார்கள், பெண் கிளம்பினால் காலைச் சமையல் யார் என்பார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அந்த வீட்டு ஆண்தான். செவ்வாய், வியாழன் காலைச் சமையலும் பிள்ளைகளைக் கிளப்புவதும் அவர் பொறுப்பு என்று காலண்டரிலேயே எழுதிவிடுங்கள். இருட்டில் தனியாகப் போவதைத் தவிர்த்து இரண்டு மூன்று பேர் சேர்ந்து போவது நல்லது. குழந்தை பெற்ற பிறகு எப்போது சீட்டில் ஏறலாம் என்பதை மகப்பேறு மருத்துவர் சொல்லட்டும், பக்கத்து வீட்டார் அல்ல. சுடிதாரில் ஓட்டினால் பேன்ட் கால் செயினில் சிக்காமல் வலது கணுக்காலில் ஒரு பட்டை கட்டுங்கள்.

ஏழாம் படி: போட்டி வாரம்

கடைசி வாரத்தில் பயிற்சி நேரத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தைக் குறைக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை நான்கு சுற்றுக்குப் பதில் இரண்டு. கடைசி நாள்களில் கூடுதலாக மிதித்துப் பலம் சேர்க்க முடியாது, களைப்பைத்தான் சேர்க்கலாம். மிஞ்சும் நேரத்தை வீட்டுக்குக் கொடுங்கள், தூக்கத்துக்குக் கொடுங்கள். புது டயர், புது காலணி, புது உணவு எதையும் அந்த நாளில் சோதிக்காதீர்கள். முந்தைய இரவு ஆம்பூர் பிரியாணி வேண்டாம். மறுநாள் இரவு தாராளமாகச் சாப்பிடுங்கள்.

ரயிலில் போனால் சைக்கிளை மூட்டை கட்டிப் பார்சலாகப் பதிவு செய்வதா, சக்கரங்களைக் கழற்றிப் பையில் போட்டு எடுத்துப் போவதா என்பதை ஒரு வாரம் முன்பே காட்பாடி நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். நண்பரின் கார் கிடைத்தால் அதுதான் சுகம்.

டைம் டிரையலில் முதல் இரண்டு நிமிடம் மெதுவாகத் தோன்றும் வேகத்தில் ஓட்டுங்கள். அப்போதைய உற்சாகத்தை நம்பினால் பாதியில் கால் கனக்கும். பி.ஆர்.எம்.மில், நீங்கள் கடந்து போனதை வழியில் பதிவு செய்யும் கட்டுப்பாட்டு நிலையங்களில் அட்டையில் முத்திரை வாங்கியதும் கிளம்பிவிடுங்கள். நேரம் சாலையில் தொலைவதைவிட டீக்கடை பெஞ்சில்தான் அதிகம் தொலைகிறது. முடித்ததும் முதல் தொலைபேசி அழைப்பு வீட்டுக்கு, படம் போடுவதெல்லாம் பிறகு.

போட்டி முடிந்த அடுத்த இரண்டு ஞாயிறுகளுக்குச் சவாரி இல்லை என்று முன்பே சொல்லி வைத்திருங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். அடுத்த போட்டிக்குப் பதிவுக் கட்டணம் கட்டுவதை அந்த இரண்டு வாரமும் தள்ளிப்போடுங்கள். செயினை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். மூன்றாவது வாரம் புது மாத டூட்டிப் பட்டியல் வந்ததும், அதையும் காலண்டரையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் எல்லோரோடும் உட்காருங்கள். இந்த முறை முதல் வட்டத்தை உங்கள் துணை போடட்டும்.